பெரம்பூர்ப் பெட்டி, மேசைமேல்

நீளம் 245 மில்லிமீட்டர். அகலம் 37. சக்கரத்தின் விட்டம் பத்தரை. சென்னை பெரம்பூரிலுள்ள ஐ.சி.எஃப். ஆலையின் ரயில் பெட்டியை 87-ஆல் வகுத்தால் கிடைக்கும் அளவுகள் இவை. மாதிரி ரயில்காரர்கள் ‘எச்.ஓ.’ என்று சொல்லும் அளவு இதுதான். அசல் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், அகலம் ஏறக்குறைய மூன்றேகால் மீட்டர். நம்மூரில் ரயில் ஏறியவர்கள் அதற்குள் உட்கார்ந்திருப்பார்கள், படுத்திருப்பார்கள், இடம் கிடைக்காமல் கழிவறை வாசலில் துண்டை விரித்தும் இருப்பார்கள்.

இந்தப் பெட்டி பிறந்தது பெரம்பூரில் என்றாலும் பூர்வீகம் ஸ்விட்சர்லாந்து. சூரிக் நகரை ஒட்டிய ஷ்லீரனில் ரயில் பெட்டியும் லிஃப்டும் செய்துவந்த நிறுவனத்தோடு இந்திய அரசு 1949-இல் ஒப்பந்தம் போட்டது. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவும் இரும்பு அடிச்சட்டத்தின்மேல் மர உடலை ஏற்றியவை. மோதல் நடந்தால் மரம் நொறுங்கும், ஒரு பெட்டி அடுத்ததற்குள் புகுந்துவிடும். ஷ்லீரன் வடிவத்தில் தரை, சுவர், கூரை எல்லாமே எஃகு. எல்லாவற்றையும் பற்றவைத்து ஒரே கூடாக்கி, பாரத்தை அந்தக் கூடு முழுவதும் சேர்ந்து தாங்கும்படி செய்திருந்தார்கள். 1955 அக்டோபர் 2 அன்று நேரு பெரம்பூர் ஆலையைத் திறந்துவைத்தார். முதலில் வெறும் கூடு மட்டுமே அங்கே உருவானது. இருக்கை, விசிறி, விளக்கு பொருத்தும் பிரிவு 1962-இல்தான் வந்தது.

ஷ்லீரன் குடும்பத்தின் இன்னொரு கிளை ஆஸ்திரியாவுக்குப் போனது. அங்கே ஓடிய ஷ்லீரன் பெட்டிகளின் மாதிரிகளை ரோக்கோ போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் வெகுகாலமாகவே விற்றுவந்தன. எண்ணிக்கையில் பல மடங்கு பெருகிய இந்தியக் கிளைக்கு அந்த யோகம் தாமதமாகத்தான் வாய்த்தது.

இப்போது மாதிரியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே எல்லாம் சரியாக இருக்கும், ஜன்னல் கம்பி உட்பட. பொய் இருப்பது சக்கரத்தில். நம் அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரவேண்டும். ஆனால் உலகமெங்கும் விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மட்டுமே. அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்காக வகுத்த கணக்கு. ஆக, பெரம்பூர்ப் பெட்டி மேசைமேல் ஐரோப்பியப் பாதையில்தான் ஓடுகிறது. அசல் அளவில் சொன்னால் ஏறக்குறைய ஒரு சாண் குறுகலான பாதை. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நேரெதிரே நின்று பார்த்தால், அகலமான உடம்புக்குக் கால்கள் நெருங்கி நிற்பது உறுத்தும். சரியாகத்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் தண்டவாளத்தைத் தன் கையாலேயே போடவேண்டும், தடம் பிரியும் ‘பாயின்ட்’ முதற்கொண்டு. எஞ்சினின் சக்கரங்களையும் கழற்றி அகலப்படுத்தவேண்டும். பெரும்பாலானவர்கள் அந்த 2.8 மில்லிமீட்டரை மன்னித்துவிடுகிறார்கள். நானும் மன்னிக்கும் கட்சி.

வளைவு விஷயத்தில் மன்னிப்பதும் எளிதல்ல. இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அது இரண்டு மீட்டர் ஆகும். வரவேற்பறையில் இரண்டு மீட்டர் ஆரத்துக்கு யார் இடம் விடுவார்கள்? மாதிரி ரயிலின் தொடக்கத் தொகுப்போடு வரும் வளைவுத் துண்டுகள் 36 சென்டிமீட்டர் ஆரம் கொண்டவை. அதில் இவ்வளவு நீளமான பெட்டி திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கம் பிதுங்கும், முனைகள் வெளியே துருத்தும், அடுத்தடுத்த பெட்டிகளின் பஃபர்கள் சிக்கிக்கொண்டு தடம் புரளும். அதனால்தான் பல மாதிரிகளில் இணைப்புக் கொக்கி பெட்டியின் உடலில் இல்லாமல், சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் போகியில் இருக்கிறது.

வண்ணத்தில் தவறு செய்ய வாய்ப்பு குறைவு, வரலாற்றில் தவறு செய்ய வாய்ப்பு அதிகம். காவிச் சிவப்பாக ஓடிய பெட்டிகள் 1990-களில் வேக்குவம் பிரேக்கிலிருந்து ஏர் பிரேக்குக்கு மாறியபோது நீல நிறம் பூண்டன. நீலப் பெட்டியின் அடியில் வேக்குவம் சிலிண்டரைத் தொங்கவிட்டால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். உள்ளேயும் இப்படித்தான். 1977-இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியின் மரப்பலகைகளுக்கு மெத்தை கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டைக் காட்டும் மாதிரியில் பலகை பலகையாகவே இருக்கவேண்டும்.

அசல் பெட்டி இதற்கிடையே மூப்படைந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த எல்.எச்.பி. வடிவம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் களமிறங்கியது. விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத பெட்டி அது, வேகத்துக்கும் தோதானது. பாதுகாப்பு என்று வந்துவிட்டால் பழையதற்காக வாதாட எதுவுமில்லை. 2018 ஜனவரியில் பெரம்பூர் தன் கடைசி ஐ.சி.எஃப். வகைப் பெட்டியை வழியனுப்பியது. ஓய்வுபெற்றவற்றில் சில, ஜன்னல்கள் அடைக்கப்பட்டு, புதுக் கார்களைச் சுமக்கும் சரக்குப் பெட்டிகளாயின. 2020-இல் கொரோனா வந்தபோது ஆயிரக்கணக்கான பெட்டிகளில் நடுப் படுக்கையைக் கழற்றி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தனிமை வார்டுகளாக்கினார்கள். அந்தக் கோலத்தில் யாராவது ஒரு மாதிரி செய்யவேண்டும் என்பது என் ஆசை.

மாதிரி செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கவாட்டுப் படங்கள் ஏராளம் கிடைக்கும். கிடைக்காதவை கூரையும் முனைச் சுவரும் அடிப்பாகமும்தான். பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய இரும்புக்கு எடை போடுவதற்கு முன், நடைமேடையிலும் நடைமேம்பாலத்திலும் நின்று அவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.