வெளிச்செல்லும் மின்னஞ்சல் தடங்கல்

வெளிச்செல்லும் மின்னஞ்சல் தடங்கல் என்பது மின்னஞ்சல்களைப் பெற முடிந்தும் அனுப்ப இயலாத நிலையாகும். வெளிநாடு செல்வோர் விடுதி, விமான நிலையம் போன்ற இடங்களின் இணைய இணைப்பில் தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மின்னஞ்சல் மென்பொருட்களைப் பயன்படுத்தும்போது இது ஏற்படுவதுண்டு. அனுப்பிய மடல் வெளிச்செல் பெட்டியிலேயே தங்கிவிடும். அனுப்பியவரோ அது சென்றடைந்துவிட்டதாக எண்ணியிருப்பார்.

பின்னணி

மின்னஞ்சலைப் பெறுவதற்கு பாப்3 அல்லது ஐமேப் நெறிமுறையும், அனுப்புவதற்கு எஸ்.எம்.டி.பி நெறிமுறையும் பயன்படுகின்றன. இவை வெவ்வேறு போர்ட் எண்களில் இயங்குவதால் ஒன்று தடைப்பட்டாலும் மற்றொன்று இயங்கும்.

எஸ்.எம்.டி.பி 1982 ஆம் ஆண்டு ஜோன் போஸ்டல் எழுதிய ஆர்.எப்.சி 821 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. இதன் போர்ட் எண் 25. அனுப்புபவரை உறுதிசெய்யும் வழி அதில் இல்லை. எரிதங்கள் பெருகியதால், பயனர்களுக்கென போர்ட் 587 ஐ 1998 இல் ஆர்.எப்.சி 2476 ஒதுக்கியது. கடவுச்சொல் வழி உறுதிசெய்தல் 1999 இல் சேர்க்கப்பட்டது.

காரணங்கள்

* போர்ட் 25 தடுப்பு: எரிதத்தைக் கட்டுப்படுத்தப் பல இணையச் சேவை வழங்குநர்கள் இப்போர்ட்டை அடைத்துள்ளனர். ஜப்பானில் இம்முறை 2000களின் நடுப்பகுதியிலிருந்து பரவலானது.
* கடத்த மறுத்தல்: சில வழங்கிகள் தம் வலையமைப்பிலிருந்து வரும் மடல்களை மட்டுமே கடவுச்சொல் இன்றி ஏற்கும். வெளியிலிருந்து அனுப்பினால் 550 போன்ற பிழை எண் வரும்.
* நுழைவுப் பக்கம்: விடுதியின் வைஃபை இணைப்பில் உலாவி வழியே அறை எண் முதலியவற்றை அளிக்கும்வரை எந்த மடலும் செல்லாது.
* கடவுச்சொல் மறுப்பு: இதன் பிழை எண் 535. புதிய நாட்டிலிருந்து நுழைவதை ஐயத்திற்குரியதாகக் கருதிச் சேவைகள் தடுக்கலாம். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு மென்பொருள் நுழைவதை கூகுள் 2022 இல் நிறுத்தியது.
* தவறான தேதி: கணினியின் தேதி தவறாக இருப்பின் வழங்கியின் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும்.

சீர்செய்யும் முறை

# உலாவியில் ஏதேனும் ஒரு தளத்தைத் திறந்து இணைப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
# பிழைச் செய்தியைப் படிக்க வேண்டும். மூன்று இலக்க எண் வந்தால் ஒரு வழங்கி பதிலளித்துள்ளது எனப் பொருள். நேரம் கடந்துவிட்டது என மட்டும் வந்தால் போர்ட் அடைக்கப்பட்டிருக்கக்கூடும்.
# வெளிச்செல் அமைப்பில் போர்ட்டை 587 ஆகவும் மறையாக்கத்தை ஸ்டார்ட்-டி.எல்.எஸ் ஆகவும் மாற்ற வேண்டும். மாற்றாக, தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் உள்ள போர்ட் 465 ஐப் பயன்படுத்தலாம். இதனை 2018 இல் வெளியான ஆர்.எப்.சி 8314 பரிந்துரைக்கிறது.
# பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளிச்செல் வழங்கிக்கும் அளிக்கப்பட்டுள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும்.
# அதன் பின்னும் இயலாவிடில் செல்பேசி இணைப்பில் முயலலாம். உலாவி வழி மின்னஞ்சல் போர்ட் 443 ஐப் பயன்படுத்துவதால் பெரும்பாலும் தடையின்றி இயங்கும்.

தவிர்க்க வேண்டியவை

மறையாக்கத்தை நிறுத்தி அனுப்பினால் கடவுச்சொல் பிறர் கையில் சிக்கக்கூடும். சான்றிதழ் எச்சரிக்கையைப் புறக்கணிப்பதும் அத்தகையதே. விடுதியின் வழங்கி வழியே சொந்த முகவரியில் அனுப்பும் மடல், எஸ்.பி.எஃப் சோதனையில் தோற்று எரிதப் பெட்டிக்குச் செல்லலாம்.

பயணத்திற்கு முன்

இருபடி உறுதிசெய்தலுக்கான குறுஞ்செய்தி உள்ளூர் சிம் அட்டைக்கே வரும். அவ்வட்டை வெளிநாட்டில் இயங்காவிடில் உலாவி வழியாகவும் கணக்கினுள் நுழைய இயலாது போகலாம். எனவே மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு எடுத்துச் செல்வதும், வலையமைப்பின்றி இயங்கும் உறுதிசெய் செயலியை நிறுவிக்கொள்வதும் நன்று. புறப்படுமுன் வீட்டு இணைப்பைத் துண்டித்து, செல்பேசி இணைப்பு வழியே ஒரு மடல் அனுப்பிப் பார்த்தால் குறைகள் பலவும் முன்பே தெரிந்துவிடும்.

இவற்றையும் பார்க்க

* மின்னஞ்சல்
* எரிதம்
* ஐமேப்