பீவா ஏரியின் அயல் மீன்

1925ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து உயிர்மீன்கள் சில கப்பலேறி ஜப்பான் வந்து சேர்ந்தன. அவற்றைத் தருவித்தவர் ஆக்காபோஷி தெத்சுமா எனும் தொழிலதிபர். இளமையில் அமெரிக்காவில் கல்வி பயின்ற அவர், அந்நாட்டார் ஏரிகளில் பொழுதுபோக்காகத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் ‘பெருவாய் பாஸ்’ மீனின்மீது விருப்புக் கொண்டார். மேல்தாடை கண்ணையும் கடந்து நீண்டிருப்பதால் அம்மீன் அப்பெயர் பெற்றது. தூண்டிலிற் சிக்கியதும் நீரைக் கிழித்து மேலெழுந்து, தலையை உதறித் துள்ளி, பிடிப்பவரோடு மல்லுக்கு நிற்கும் இயல்பினது, உண்ணவும் உகந்தது.

உணவுக்கும் உவகைக்கும் ஒருசேரப் பயன்படும் எனக் கருதிய ஆக்காபோஷி, ஹக்கோனே மலைப்பகுதியிலுள்ள ஆஷி ஏரியில் அம்மீன்களை விட்டார். எரிமலை வாயில் அமைந்த ஏரி அது. மலைகள் அரணெனச் சூழ்ந்திருந்தமையால் மீன் வேறிடம் பரவாது என்று எண்ணினர். மீன் மலையேறாது என்பது மெய்யே. ஆயினும் மீனைச் சுமந்துகொண்டு மலையிறங்க மனிதர் உண்டென்பதை அன்று எவரும் கணக்கிற் கொள்ளவில்லை.

1970களில் செயற்கை இரை கொண்டு தூண்டிலிடும் பழக்கம் ஜப்பானிய இளைஞரிடையே வேகமாகப் பரவிற்று. தத்தம் ஊர் ஏரியிலேயே பாஸ் பிடிக்க விழைந்த சிலர், யாரும் அறியாமல் அதனைப் புதுப்புது நீர்நிலைகளில் விட்டனர். 1974இல் பீவா ஏரியிலும் அம்மீன் காணப்பட்டது.

பீவா சாதாரண ஏரியன்று. ஷிகா மாநிலத்தில் ஏறத்தாழ 670 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அதுவே ஜப்பானின் மிகப் பெரிய ஏரி. உலகின் தொன்மையான ஏரிகளுள்ளும் ஒன்று. வேறெங்கும் காணவியலாத உயிரினங்கள் 60க்கும் மேற்பட்டவை அங்கு வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று நிகோரோபுனா எனும் கெண்டையினம். இளவேனிலில் கரையோர நாணற்காட்டை நாடி முட்டையிட வரும். சினையுற்ற அம்மீனை உப்பிலிட்டுப் பல திங்கள் வைத்திருந்து, பின்னர்ச் சோற்றுடன் அடுக்கடுக்காய் மரத்தொட்டியில் இட்டுக் கல்லேற்றிப் புளிக்கவைப்பர். இதுவே ஃபுனாசுஷி. இன்று உலகறிந்த சுஷி உணவின் பழைய வடிவத்தைக் காட்டுவது இதுவே என்பர் அறிஞர். மலேசியாவின் பெக்காசாம் மீனைச் சுவைத்தவர்க்கு இதன் மணத்தை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

நாணற்காட்டில் வளரும் குஞ்சுகளைப் பாஸ் விழுங்கிற்று. துணைக்கு இன்னோர் அயல் மீனும் இருந்தது. 1960இல் சிக்காகோ சென்ற பட்டத்து இளவரசர் அக்கிஹித்தோவுக்கு அந்நகரத் தலைவர் புளூகில் மீன்களைப் பரிசளித்தார். உணவுக்காக வளர்க்கலாம் என்ற நன்னோக்குடன் இளவரசர் அவற்றை மீன்வள ஆய்வகத்துக்கு அளித்தார். அம்மீனும் பின்னாளில் பீவாவிற் பெருகியது. 2007இல் ஷிகாவின் ஒட்சு நகரில் நடந்த விழாவொன்றில், பேரரசராகிவிட்ட அவரே அதனைத் தாம் கொணர்ந்ததைக் குறிப்பிட்டு, விளைந்த கேட்டிற்காக மனம் வருந்துவதாகக் கூறினார். மீனினங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதிய அறிஞர் அவர் என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

பழி முழுவதையும் மீன்மீது சுமத்துதல் நேர்மையாகாது. 1972 முதல் 1997 வரை நடந்த ஏரி மேம்பாட்டுத் திட்டத்தால் கரைகள் திருத்தப்பட்டன. நாணற்காடுகள் பல அழிந்தன. ஒளிய இடமிழந்த குஞ்சுகள் பாஸ் மீனுக்கு எளிதில் இரையாயின. வலைஞர் நிகோரோபுனாவைத் தேடி வலை வீசினால் அயல் மீன்களே நிறைந்து வந்தன. அதேவேளை, தூண்டிற்காரர் நாடெங்கிலுமிருந்து பீவாவுக்குத் திரண்டனர். படகு வாடகைக்கு விடுவோரும் தூண்டிற் கடைக்காரரும் அவர்களால் வாழ்ந்தனர். ஒரே ஏரி, ஒருவர் பிழைப்பு மற்றவர்க்கு இழப்பாயிற்று.

பிடித்த மீனை உயிருடன் மீண்டும் நீரில் விடுவதே தூண்டிற்காரர் போற்றிய நெறி. 2003இல் நடப்புக்கு வந்த ஷிகா மாநில விதி அதனைத் தடுத்தது. பிடித்த பாஸையும் புளூகிலையும் இடுவதற்கு ஏரிக்கரையில் பெட்டிகள் வைக்கப்பட்டன. விரும்பிப் பிடித்த உயிரைக் குப்பைபோல் எறிவதா எனப் பலர் சினந்தனர். 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம், பாஸை உயிருடன் வளர்ப்பதையும் கொண்டுசெல்வதையும் வேறிடத்தில் விடுவதையும் தடைசெய்தது. ஆயினும், பாஸ் மீன்பிடிப்புக்கு உரிமை பெற்றிருந்த நான்கு ஏரிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று, ஆக்காபோஷி முதன்முதல் மீன் விட்ட அதே ஆஷி ஏரி!

2009 ஜூலை 2ஆம் நாள் மனாபு குரித்தா என்பவர் பீவாவில் 10.12 கிலோகிராம் எடையுள்ள பாஸைப் பிடித்தார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1932இல் ஜார்ஜ் பெரி எனும் இளைஞர் பிடித்த மீனே அதுவரை உலகச் சாதனையாக இருந்தது. வறுமைக் காலத்தில் வாழ்ந்த பெரியின் குடும்பம் அம்மீனைச் சமைத்து உண்டுவிட்டது. குரித்தாவின் மீன் சற்றே கூடுதல் எடையுடையதாயினும், விதிப்படி முந்தவேண்டிய 2 அவுன்சு வேறுபாடு இல்லாமையால் இருவர் பெயரும் சமமாகப் பதிவாயின. குரித்தா தூண்டிலிற் கோத்த இரை உயிருள்ள ஒரு புளூகில் மீன்.