சோழரின் கடல் வலிமை: துறைமுகமும் படையெடுப்பும் வணிகக் குழுவும்

சோழரின் கடல் வலிமை பற்றிய ஆய்வுகள் பலவும் 1025ஆம் ஆண்டின் கடாரப் படையெடுப்பையே மையமாகக் கொள்கின்றன. அதைத் தனித்து நோக்கினால், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த நீண்ட வளர்ச்சி கண்ணில் படாமல் போகிறது. அரசும் துறைமுகமும் வணிகக் குழுவும் இணைந்தே அவ்வலிமையை உருவாக்கின என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

அண்மைக் கடல்

முதலாம் இராசராசன் (985–1014) ஈழத்தின் வடபகுதியை வென்று பொலன்னறுவையை ஆட்சி மையமாக்கினான். மாலத்தீவுகளும் அவன் வசமாயின. 1017இல் அவன் மகன் இராசேந்திரன் ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்து ஈழ வெற்றியை முழுமையாக்கினான். அரபிக் கடலிலிருந்து கிழக்கே செல்லும் கலங்கள் கடந்தாக வேண்டிய கடற்பகுதிகள் இவ்வாறு சோழர் கண்காணிப்புக்குள் வந்தன. 1015இல் சோழத் தூதுக்குழு சீனத்தின் சொங் அரசவையை அடைந்தது.

நாகப்பட்டினம்

சீனத்துக்குச் செல்லும் வழி சுமத்திராவின் ஸ்ரீவிசய அரசின் பிடியிலிருந்த மலாக்கா நீரிணையூடாகச் சென்றது. தொடக்கத்தில் இரு அரசுகளும் நட்புடன் இருந்தன. ஸ்ரீவிசய மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். பெண் யானையை நடத்தி அவ்வூரின் எல்லை வரையறுக்கப்பட்டதை இலெய்டன் பெரிய செப்பேடு பதிவு செய்கிறது. தந்தையின் கொடையை இராசேந்திரன் செப்பேட்டில் பொறித்து நிலைப்படுத்தினான். அவனே பின்னர் ஸ்ரீவிசயத்தின் மீது படை அனுப்பினான்; அதுவே கடாரப் படையெடுப்பு.

1025

வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி வணிகத் தடையையும் திக்விசய வேட்கையையும் இப்படையெடுப்பின் காரணங்களாக முன்வைத்தார். ஜார்ஜ் ஸ்பென்சர் கொள்ளைப் பொருளுக்கு முதன்மை தந்தார். தாக்கப்பட்டனவாக இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி தரும் 13 இடங்கள் முதற்கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம் ஆகியவை சுமத்திராவிலும், கடாரம், இலங்காசோகம், தலைத்தக்கோலம் ஆகியவை மலாய்த் தீபகற்பத்திலும் அமைந்தவை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. வங்கக் கடலைக் கடக்கும் வழியில் மாநக்கவாரம் எனப்பட்ட நிக்கோபார் உள்ளது. நீரிணையின் இரு கரைகளும் குறிவைக்கப்பட்டதை இப்பட்டியல் காட்டுகிறது. ஸ்ரீவிசய மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டான். வித்தியாதர தோரணம் என்னும் அலங்கார வாயில் கைப்பற்றப்பட்டது. ஆயினும் அங்கே சோழர் நிலையான ஆட்சி அமைக்கவில்லை.

படையை ஏற்றிச் சென்ற கலங்கள் யாருடையவை? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வில்லிகள், குதிரைச் சேவகர், வேளைக்காரர் எனப் பல படைப்பிரிவுகளைச் சுட்டுகின்றன. கடற்படைக்கெனத் தனிப்பிரிவு அவ்வரிசையில் இடம்பெறவில்லை. வீரர்களை அரசு அளித்தது. கலங்களிலும் மாலுமிகளிலும் பெரும்பகுதி கச்சான், வாடைக் காற்றுகளின் போக்கறிந்த வணிகர் வழியே கிடைத்திருக்க வேண்டும் என்று கருத இது இடமளிக்கிறது.

படைக்குப் பின்

1070 அளவில் முதலாம் விசயபாகு ஈழத்தை மீட்டான். நிலப்பரப்பு சுருங்கியபோதும் கடல்வழித் தொடர்பு தளரவில்லை. 1077இல் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனம் சென்றது. முதலாம் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கினான். சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே நடைமுறைப்படுத்திய ஒழுங்கைக் காட்டுகிறது. வந்திறங்கும் மரக்கல நாயகர், கஸ்தூரி விலைக்கேற்பப் பொன்னில் கட்டணம் செலுத்திய பின்னரே விரித்த பாவாடை என்னும் துணிமீது நடந்து உள்ளே செல்லலாம். 1090இல் கடாரத் தூதர் வேண்டுகோளை ஏற்றுச் சூடாமணி விகாரத்தின் ஊர்களுக்குக் குலோத்துங்கன் வரிவிலக்கு அளித்தான். போரிட்ட இரு அரசுகளும் மீண்டும் துறைமுக உறவுக்குத் திரும்பின.

முடிவுரை

ஸ்ரீவிசயத்தின் பிடியைப் படையெடுப்பு தளர்த்தியது. அவ்வாறு திறந்த வழியில் நிலைபெற்றவர்கள் வணிகர்கள். மூன்றாம் இராசேந்திரனோடு 1279இல் சோழ ஆட்சி முடிந்தது. 1281இல் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழர் சிவன் கோயில் எடுத்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. ஆகவே சோழரின் கடல் வரலாற்றை எழுத மெய்க்கீர்த்திகள் மட்டும் போதா. வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளுக்கும் அதே மதிப்பு அளிக்கப்பட வேண்டும்.