முன்கைக்கு வந்த பந்து

வாலிபால் பார்க்கும்போது எல்லார் கண்ணும் ஸ்மாஷ் அடிப்பவர் மேல்தான் இருக்கும். எதிரணி சர்வீஸை இரண்டு முன்கைகளையும் சேர்த்து வாங்கி, செட்டரின் தலைக்கு மேல் பூப்போல எழுப்பிக் கொடுக்கிறாரே ஒருவர், அவரை யார் கவனிக்கிறார்கள்? இந்தப் பதிவு அவருக்காக :-)

1895-ல் அமெரிக்காவின் ஹோல்யோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு சர்வீஸையும் விரல்களால், தலைக்கு மேலேதான் வாங்கினார்கள். சர்வீஸில் வேகம் கூடியதும் வந்தது வம்பு. இரண்டு கைகளும் ஒரே கணத்தில் பந்தைத் தொட வேண்டும். முன்பின் ஆனால் 'டபுள் டச்', கொஞ்சம் தங்கினால் 'ஹோல்டிங்'. நடுவர்கள் இதில் கண்டிப்பு காட்டக் காட்ட, வீரர்கள் முன்கைக்கு மாறினார்கள். 1960களில் இது உலகமெங்கும் பரவிவிட்டது. ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'பாகர்', அதாவது மண் அள்ளும் எந்திரம்!

சரி, முன்கையில் அப்படி என்ன இருக்கிறது? முழங்கையை மடக்காமல் நீட்டி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே பந்தை வாங்கினால் இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு பலகை மாதிரி ஆகிவிடுகின்றன. விரல் போல அங்கே அசையும் மூட்டுகள் இல்லை. பந்து (வெறும் 260-280 கிராம்தான்) பட்டவுடன் கிளம்பிவிடும். ஆனால் கண்ணாடியில் ஒளி திரும்புவது போல, பலகை 1 டிகிரி திரும்பினால் பந்து ஏறக்குறைய 2 டிகிரி விலகும். 6 மீட்டர் தள்ளி நிற்கும் செட்டரிடம் போவதற்குள் அது சுமார் 20 செ.மீ. ஆகிவிடும். அதனால்தான் கையை வீசாதே, முழங்காலை மடக்கு, பந்துக்குப் பின்னால் ஓடிப்போய் நில் என்று கோச்கள் கத்துகிறார்கள். உயரம் காலிலிருந்து வர வேண்டும், திசை தோளிலிருந்து.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பான் பெண்கள். நிச்சிபோ என்ற நூற்பாலை நிறுவனத்தின் அணி அது. பகலில் கம்பெனி வேலை, மாலையில் தொடங்கினால் நள்ளிரவு வரை பயிற்சி. பயிற்சியாளர் டைமாட்சு ஹிரோபுமி, எட்டாத பந்துக்குப் பாய்ந்து எடுத்து, உருண்டு அப்படியே எழுந்து நிற்கும் முறையைப் பழக்கினார். தள்ளினாலும் எழுந்து நிற்கும் நம் தலையாட்டி பொம்மை போன்ற ஜப்பானியப் பொம்மைதான் அதற்கு மாதிரி. 1962 உலகப் போட்டியில் மாஸ்கோவிலேயே சோவியத் அணியைச் சாய்த்தார்கள். வாலிபால் முதன்முதலாக இடம்பெற்ற 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் அதே எதிரியை 3-0 என்று வென்று தங்கம். அந்தப் பயிற்சி மனிதத்தன்மை உள்ளதா என்று ஜப்பானிலேயே கேள்வி எழுந்தது. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. பதக்கத்தைப் பேசும்போது அந்த முழங்கால்களையும் தோள்களையும் பற்றிப் பேசாமல் விடுவது நியாயமாகப் படவில்லை.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். எல்லாரும் ரிசீவ் செய்யும் பழக்கத்தை விட்டுவிட்டு, பயிற்சியாளர் டக் பீல் அந்த வேலையை இரண்டே பேரிடம் கொடுத்தார்: கார்ச் கிராய், ஆல்டிஸ் பெர்சின்ஸ். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வந்தது. பந்து வாங்குவது ஒரு தனித் தொழில் என்று அன்று தெரிந்துபோனது. 1998-ல் சர்வதேச விதிகளே அதற்கென்று ஓர் ஆளை அனுமதித்தன. வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்மாஷ் அடிக்க உரிமை இல்லாமல், பின்வரிசையில் குனிந்து நிற்கிறாரே லிபரோ, அவர்தான்.