சலோன்

பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்து நுரைமது நிறுவனம். நிறுவியவர் எமே சலோன். முதல் மது 1905 அறுவடையில் உருவானது. ல மெனில்-சுர்-ஓஜே என்னும் ஒரே ஊரின் ஷார்டனே திராட்சை மட்டுமே இதில் சேரும். அவ்வூரில் மெல்லிய மேல்மண்ணுக்குக் கீழே வெண்சுண்ணப் பாறை. விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டும். மிகுமழையை வடியவிட்டு, ஈரத்தைப் பஞ்சுபோலத் தேக்கிக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். குளிர்ந்த தட்பவெப்பத்தில் பழம் மெல்லக் கனிவதால் புளிப்பு குன்றாது. இளமையில் இந்த மது சற்றுக் கடுமையானதே. ஆனால் அந்தப் புளிப்புதான் அதைப் பல்லாண்டு காக்கிறது. நிலவறையில் ஏறத்தாழ 10 ஆண்டு முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும். பிற நிறுவனங்கள் பெரும்பாலும் பல ஊர், பல ஆண்டு மதுவைக் கலந்து சுவையைச் சீராக்கும். சலோன் ஒரே மண்ணை நம்பியது. விளைச்சல் சரியில்லாத ஆண்டில் மதுவே இல்லை. 20ஆம் நூற்றாண்டு முழுவதிலும் 37 ஆண்டுகளுக்கு மட்டுமே சலோன் உண்டு.