கத்தியின் கயிறு

கத்தியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் அலகின் கூர்மையையும் பிடியின் உறுதியையுமே பாராட்டுவர். பிடியின் முனையிற் கட்டப்பட்டுத் தொங்கும் சிறு கயிற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை. அஃது அழகுக்காகக் கட்டிய குஞ்சம் என்றே பலர் எண்ணுவர். ஆயினும், கத்தியை ஏந்தியவனுக்கும், அவனுக்குக் கீழே நின்று தொழில் செய்தவனுக்கும் பல நூற்றாண்டுகள் உயிர்க்காவலாய் இருந்தது அக்கயிறே.

இக்கயிற்றின் தொன்மை வியப்புக்குரியது. 1991ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், இத்தாலிக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையேயுள்ள எல்லையை அடுத்து, அல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 3,200 மீற்றர் உயரத்திலே, பனியுள் உறைந்து கிடந்த மனித உடலொன்றை மலையேறிகள் கண்டனர். அம்மனிதன் ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன் என்பது பின்னர் ஆய்வினால் வெளியாயிற்று. ஏட்சி என இன்று அழைக்கப்படும் அவனுடைய உடைமைகளுள், தீக்கல் அலகும் மரப்பிடியும் கொண்ட சிறு குத்துவாள் ஒன்றும், மரநாராற் பின்னிய அதன் உறையும் இருந்தன. அக்குத்துவாளின் பிடிமுனையில் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. இரும்பை அறியாத காலத்திலேயே, கருவி கையை விட்டுப் போகலாகாது என்னும் கவலை மனிதனுக்குப் பிறந்துவிட்டது போலும்.

எனினும், இக்கயிறு தன் முழுப் பயனையும் காட்டிய இடம் கடலாகும். பெரிய பாய்க்கப்பல் ஒவ்வொன்றும் ஒரு கயிற்றுக் காடு. 1805ஆம் ஆண்டின் திரபல்கார்ப் போரிலே நெல்சன் ஏறிச் சென்ற ‘விக்டரி’ என்னும் கப்பலின் கயிறுகளை ஒன்றாக நீட்டினால் ஏறத்தாழ 42 கிலோமீற்றர் நீளும். அதன் நடுப்பாய்மரம் நீர்மட்டத்திலிருந்து 62 மீற்றர் உயரமுடையது. திருகோணமலைக் கடலிலே 1782இல் நிகழ்ந்த போரின் நினைவாக அவ்வூரின் பெயரையே தாங்கி, 1817இல் பம்பாயிலே தேக்குமரத்தாற் கட்டப்பெற்ற பிரித்தானியப் போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையிற் பேணப்பட்டு வருகின்றது. அதன் பாய்மரங்களை அண்ணாந்து நோக்குவோர், அங்கே ஏறி நின்றவருடைய நிலையை ஒருவாறு உணர்தல் கூடும்.

காற்றும் மழையும் அடிக்கும் இரவிலே, குறுக்குமரத்தின் கீழே தொங்கும் ஒற்றைக் கயிற்றிற் காலூன்றி, நனைந்து கனத்த பாயை மடக்கிக் கட்டினான் கடலோடி. ஒரு கை தனக்கு, மறு கை கப்பலுக்கு என்பது அவர்களிடையே வழங்கிய பழமொழி. அத்தகைய வேளையில் 40 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு கத்தி கைதவறி வீழ்ந்தால், மூன்று விநாடிக்குள், மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் வேகத்தோடு அது மேற்றளத்தை அடையும். கீழே நிற்பவன் நிமிர்ந்து பார்க்குமுன் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே, கத்தியைக் கயிற்றாற் பிணைத்துக் கழுத்திலோ இடையிலோ மாட்டிக்கொள்ளுதல் கடலோடிகளின் வழக்கமாயிற்று. அவர்கள் இக்கயிற்றை ‘லான்யார்ட்’ என்றனர். தோல்வாரைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றின் திரிபே இப்பெயர். வட இலங்கையிலே பனையேறும் தொழிலாளி பாளைக்கத்தியைக் கூட்டினுள் இட்டு இடுப்பிலே கட்டிச் சென்றதும் இதனை ஒத்த தேவை கருதியேயாம்.

கயிற்றின் பயன் இவ்வளவோடு நில்லாது. ஓடும் வடத்திலே ஒருவனுடைய கையோ காலோ சிக்குமாயின், அதனை அறுத்து அவனை விடுவிக்கச் சில விநாடிகளே கிடைக்கும். அப்பொழுது பையைத் துழாவிக் கத்தியைத் தேட நேரமேது? இருளிலும் கயிற்றைத் தொட்டு இழுத்தாற் கத்தி கைக்கு வரும். குளிரால் விறைத்த விரல்கள் பிடியை நழுவவிட்டாலும், கத்தி கடலுள் மூழ்காது மார்பளவிலே தொங்கும். பல மாதப் பயணத்தில் வேறொரு கத்தி எளிதிற் கிடைப்பதன்று. கையை முழுமையாக நீட்டி வேலை செய்தற்கு வேண்டிய நீளமும், கால்களில் தடக்காத குறுக்கமும் அக்கயிற்றுக்கு ஒருங்கே வேண்டும். ஆதலின், தத்தம் உடலளவுக்கேற்பக் கடலோடிகள் தாமே அதனைப் பின்னிக்கொண்டனர். ஓய்வு நேரத்திலே அவர்கள் வளர்த்த முடிச்சுக் கலை பெரிது. அமெரிக்கரான கிளிபர்ட் அஷ்லி 1944இல் வெளியிட்ட முடிச்சுக்களின் பெருநூலிலே, கத்திக்கயிற்றுக்கென்றே உரிய முடிச்சும் இடம்பெற்றுள்ளது.

கடலிலிருந்து இவ்வழக்கம் தரைப்படைக்கும் பரவியது. முதலாம் உலகப் போரிலே பிரித்தானியப் படைவீரர் பெற்ற மடக்குக்கத்தியில் அலகும், தகரந்திறப்பானும், புரிகளைப் பிரிக்கும் தடித்த ஊசியும், கயிறு மாட்டுதற்கு ஒரு வளையமும் அமைந்திருந்தன. பீரங்கிப் படையினர் கத்தியையும், குண்டின் வெடிமுனையைத் திருப்பும் சாவியையும் கயிற்றிலே பிணைத்துத் தோளிலிருந்து தொங்கவிட்டனர். காலப்போக்கிற் கத்தியும் சாவியும் மறைந்தன. வெண்மையாகப் பின்னிய கயிறு மட்டும் சீருடையில் எஞ்சியது. குதிரைவீரனின் மணிக்கட்டிலே வாளைப் பிணைத்து நின்ற தோல்வாரும் இவ்வாறே பொற்குஞ்சமாக மாறிற்று.

பயன் மறந்த இடத்திலே கட்டுக்கதை முளைக்கும். போர்க்களத்திற் பீரங்கிகளைக் கைவிட்டு ஓடியமைக்குத் தண்டனையாகவே அப்படைக்கு வெள்ளைக் கயிறு அணிவிக்கப்பட்டது என்றொரு கதை நெடுங்காலம் உலவியது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. உழைப்பின் அடையாளமாயிருந்த கயிறு, அதன் வரலாறு அறியாதார் வாயிலே கோழைத்தனத்தின் அடையாளமாயிற்று.

கயிற்றின் பயனை இளைஞருக்கு மீண்டும் உணர்த்திய பெருமை சாரணர் இயக்கத்துக்கும் உண்டு. பேடன் பவல் பிரபு சிறுவருக்கான தமது சாரண நூலை 1908இல் வெளியிட்டார். நான்கு ஆண்டுகளுள், 1912இல், மாத்தளையிலே இலங்கையின் முதற் சாரணர் குழு தோன்றியது. ஊதுகுழலையும் கத்தியையும் கயிற்றிலே மாட்டி வைக்கும் பழக்கம் இவ்வியக்கத்தின் வாயிலாகப் பள்ளிச் சிறுவரிடையேயும் பரவியது.

பயனுள்ள பொருளுக்குக் கேடும் உண்டு. அறாத கயிற்றைக் கழுத்திலே இறுகக் கட்டியவன், மரக்கிளையிலோ சுழலும் பொறியிலோ அது சிக்குமாயின் மூச்சடைத்து மடிய நேரும். ஆதலினாலேயே, கழுத்திலணியும் கயிறுகள் பலவற்றை, அளவுக்கு மிஞ்சி இழுத்தால் தாமே கழன்றுவிடும் பூட்டுடன் இக்காலத்திற் செய்கின்றனர். எப்பொழுது பிணைத்து நிற்க வேண்டும், எப்பொழுது விட்டுக்கொடுக்க வேண்டும் என்னும் இரண்டையும் அறிந்ததே நல்ல கயிறு.

பாய்க்கப்பலின் காலம் முடிந்தது. கயிற்றின் தேவை முடியவில்லை. 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே திருத்த வேலை நடந்துகொண்டிருந்தபொழுது, கயிற்றிற் பிணைக்கப்படாத கருவிப் பையொன்று மிதந்து அகன்றது. ஏறத்தாழ ஒரு லட்சம் டொலர் பெறுமதியுள்ள அப்பை பல மாதங்கள் பூமியைச் சுற்றி வந்து, 2009 ஓகஸ்டிலே வளிமண்டலத்துட் புகுந்து எரிந்தது. அன்று எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால், உயர்ந்த கட்டடங்களிலும் மரங்களிலும் நின்று உழைப்போரின் கையிலிருந்து நழுவும் கருவி, கீழே நிற்பவரின் தலையைத் தேடியே வரும். சில சதம் பெறுமதியுள்ள கயிற்றைக் கட்ட ஒரு நிமிடம் போதும். பாய்மரத்தின் உச்சியில் நின்ற எழுத்தறியாக் கடலோடி, தன் கத்தியைக் கட்டிய பின்பே ஏணியில் ஏறினான். தன் கருவியால் பிறன் உயிர் போகலாகாது என்னும் பொறுப்பு அந்த முடிச்சில் இருந்தது.