திருமணக் கதைகளும் பேராக் தோட்டத்துப் பார்வையாளரும்

ஒரு சமுதாயம் எவற்றைக் கண்டு அழுதது என்பதை வரலாறு ஓரளவேனும் எழுதி வைக்கிறது. எவற்றைக் கண்டு சிரித்தது என்பதைப் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறது. மலேசியத் தமிழர் வரலாற்றிலும் இக்குறை உண்டு. கப்பற் பயணம், சயாம் மரண இரயில் பாதை, அவசரகாலம், தோட்டத் துண்டாடல் ஆகியவை பற்றிக் கட்டுரைகளும் புதினங்களும் வெளிவந்துள்ளன. நாள் முழுதும் பால்மரக் காட்டில் உழைத்தவர்கள், இரவில் வெண்திரையின் முன்னும் பிற்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னும் அமர்ந்து கண்டு களித்த எளிய திருமணக் கதைகளைப் பற்றி எழுதப்பட்டது குறைவே. பொழுதுபோக்குத்தானே என்று அவற்றை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், தோட்டத்து மக்கள் திருமணம் என்னும் பெரும் பொருளைப் பலர் நடுவே அச்சமின்றிப் பேசுவதற்கு அக்கதைகளே இடம் அமைத்துத் தந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பேராக் மாநிலத் தோட்டங்களில் திருமணம் எந்நிலையில் இருந்தது என்பதை முதலில் காண்போம். 1877ஆம் ஆண்டில் இரப்பர்ச் செடிகள் இந்நாட்டுக்கு வந்தபோது, அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பெருந்தொழிலாக வளர்ந்தது. சுங்கை சிப்புட், தாப்பா, சித்தியவான், தெலுக் இந்தான் வட்டாரங்களில் தோட்டங்கள் பல தோன்றின. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டப்பட்டது. தொடக்கத்தில் வந்தவருள் ஆடவரே மிகுதி. பெண்கள் மிகச் சிலர். கங்காணி தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களை அழைத்து வந்தமையால், ஊரின் சாதிப் பிரிவுகளும் உடன் வந்தன. எவர் மகளை எவர் மகனுக்குக் கொடுப்பது என்பதில் பெற்றோரோடு கங்காணியும் தோட்டத்துப் பெரியவர்களும் கலந்துகொண்டனர். 1938இல் இந்திய அரசு கூலி ஆட்களைத் திரட்டி அனுப்புவதைத் தடை செய்த பின்னர் அம்முறை முடிவுற்றது. ஆனால், பெரியவர்களின் சொல்லுக்கு இருந்த செல்வாக்கு உடனே மறையவில்லை.

இந்நிலையை மாற்ற முயன்ற குரல்களும் பேராக்கில் ஒலித்தன. 1929ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வருகை தந்தார். அம்மாத இறுதியில் ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டில் அவர் கலந்துகொண்டமை மலாயாத் தமிழர் சீர்திருத்த வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. சாதி மறுப்பும், சடங்கு குறைந்த சுயமரியாதைத் திருமணமும் இந்நாட்டிலும் பேசப்படலாயின. எனினும், மேடைப் பேச்சு எல்லாத் தோட்டங்களையும் எட்டவில்லை. எட்டிய இடத்திலும், மேடையில் கேட்டதை மகள் தன் தந்தையிடம் திரும்பச் சொல்வது எளிதன்று. அவள் சொல்ல இயலாததைச் சொல்லும் வேறொரு வாய் தேவைப்பட்டது.

அந்த வாயாகத் திரைப்படம் அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அக்காலத்தில் தகவல் இலாகாவின் வண்டிகள் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்று அரசின் செய்திப் படங்களைக் காட்டின. நடமாடும் திரைப்படக்காரர்கள் தமிழ்ப் படங்களைக் கொண்டுவந்தனர். தோட்டத் திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்படும். பாயும் சாக்கும் விரித்து மக்கள் அமர்வர். மறுநாள் விடியுமுன் பிரட்டுக்குச் செல்ல வேண்டியவர்கள், நள்ளிரவு வரை விழித்திருந்து படம் பார்த்தனர்.

அக்காலத்துத் தமிழர் நன்கறிந்த திருமணக் கதைகளுள் மூன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். முதலாவது, எல்.வி.பிரசாத் இயக்கத்தில் 1955இல் வெளிவந்த மிஸ்ஸியம்மா. வங்காள எழுத்தாளர் ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய நகைச்சுவைக் கதை ஒன்றே இதற்கு மூலம். ஒரு பள்ளிக்கு ஆசிரியப் பணியாற்றக் கணவன் மனைவியாகிய பட்டதாரிகள் இருவர் தேவை என்று விளம்பரம் வருகிறது. வேலையின்றித் தவிக்கும் ஓர் இளைஞனும் இளம்பெண்ணும், மணமாகாமலேயே தம்பதியராக நடித்து அவ்வேலையைப் பெறுகின்றனர். ஆண் இந்து; பெண் கிறித்துவ இல்லத்தில் வளர்ந்தவள். பொய்த் திருமணம் மெய்த் திருமணமாக முடிகிறது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த இப்படத்தில், வயிற்றுப்பாட்டுக்காகச் சொல்லப்பட்ட பொய்யே நகைச்சுவைக்கு ஊற்று.

இரண்டாவது, ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கி 1959இல் வெளிவந்த கல்யாணப் பரிசு. தங்கவேலுவும் எம்.சரோஜாவும் வழங்கிய நகைச்சுவை ஒருபுறம் அரங்கை நிறைத்தது. மறுபுறம், தமக்கைக்காகத் தன் காதலை விட்டுக்கொடுக்கும் தங்கையின் துயரம் நெஞ்சை வருத்தியது. மூன்றாவது, அதே ஸ்ரீதரின் இயக்கத்தில் 1964இல் வண்ணப் படமாக வெளிவந்த காதலிக்க நேரமில்லை. பணக்காரச் சம்பந்தத்தை விரும்பும் தந்தையை ஏமாற்ற, மகளைக் காதலிப்பவன் தன் நண்பனையே செல்வந்தத் தந்தையாக வேடமிடச் செய்கிறான். பாலையாவிடம் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை இன்றும் நினைத்துச் சிரிப்பவர் பலர்.

இம்மூன்று கதைகளிலும் ஒரே வினா உள்ளது. திருமணத்தை முடிவு செய்பவர் யார் என்பதே அது. மிஸ்ஸியம்மாவில் வறுமையும் சமய வேறுபாடும் அவ்வினாவை எழுப்புகின்றன. கல்யாணப் பரிசில் குடும்பக் கடமை எழுப்புகிறது. காதலிக்க நேரமில்லையில் தந்தையின் பணவாசை எழுப்புகிறது. கண்டிப்பான தந்தையைத் திரையில் எள்ளி நகையாடியபோது, திடலில் இருந்த கண்டிப்பான தந்தையரும் சேர்ந்தே சிரித்தனர். அவர்கள் சிரித்ததை அவர்களுடைய பிள்ளைகளும் பார்த்தனர். நேரில் சொன்னால் அடங்காமை எனப்படும் கருத்து, கதையில் வந்தமையால் வேடிக்கை எனப்பட்டது.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. மலேசியாவில் 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978இல் வந்தது. தோட்டங்களில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவர் முதலில் மிகச் சிலரே. மின்வசதி இல்லாத லயங்களில் மோட்டார்வண்டி மின்கலத்தைக் கொண்டு பெட்டியை இயக்கினர். தமிழ்ப் படம் ஒளிபரப்பாகும் நாளில் பெட்டி உள்ள வீட்டின் கூடமும் வாசலும் நிறைந்துவிடும். திடலில் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே மாமியாரும் மருமகளும், தந்தையும் மகளும், மணமாக வேண்டிய இளைஞனும் ஒரே கூடத்தில் அருகருகே அமர்ந்தனர். படம் ஓடும்போதே கருத்துரைப்பதும் வழக்கமாயிற்று.

அக்கருத்துகளை மூவகையாகப் பிரித்துக் காணலாம். பெரியவர்களைக் கேளாமல் நடக்கும் கல்யாணம் நிலைக்குமா என ஐயுற்றவர் ஒரு சாரார். இவர்களும் படத்தை விரும்பியே பார்த்தனர்; இறுதியில் தந்தை மனமிரங்கி வாழ்த்தும் காட்சி அவர்களுக்கு நிறைவளித்தது. தம் மனத்திலிருந்ததைத் திரையில் கண்டு மகிழ்ந்த இளையோர் மற்றொரு சாரார். இக்கதைகள் பொறுப்பின்மையை வளர்க்கின்றன, வாழ்க்கைக்கு உதவா என்று கடிந்தவர் மூன்றாம் சாரார். ஆசிரியர்களும் சமூகத் தொண்டர்களும் பலர் இம்மூன்றாம் அணியில் இருந்தனர். அவர்கள் கவலை பொருளற்றதன்று. ஆயினும், தோட்டத்துப் பெண்ணின் நிலையை அவர்கள் முழுமையாக எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயமே.

திரைக்கதைத் தலைவி பெரும்பாலும் செல்வந்தர் மகள், அவளுக்கு வேலையில்லை. தோட்டத்துப் பெண்ணோ பால்வெட்டிக் கூலி பெற்றவள். வீட்டு வருவாயில் அவளுக்குப் பங்கு இருந்தது. வீட்டு முடிவுகளில் அந்த அளவு பங்கு இருக்கவில்லை. மாப்பிள்ளையை ஏற்கவோ மறுக்கவோ திரைத் தலைவி வாய் திறந்தபோது, உழைத்துச் சம்பாதித்த பெண் அதை வெறும் கனவாக மட்டும் கண்டிருக்க மாட்டாள். தனக்கும் உரிய ஓர் உரிமையாகவும் அது அவளுக்குத் தோன்றியிருக்கும். அவ்வகையில் இக்கதைகளைப் பயனற்றவை என்று தள்ளிவிடுதல் முறையாகாது.

அவற்றின் குறை வேறோர் இடத்தில் உள்ளது. மாலை மாற்றியதும் கதை முடிந்துவிடுகிறது. தாலி ஏறியபின் வாழ்க்கைக்கு வேண்டிய காப்பைப் பற்றித் திரை பேசுவதில்லை. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் சமய முறைப்படியோ மரபு முறைப்படியோ நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதன்பின் நடக்கும் திருமணங்களுக்கு அரசுப் பதிவு கட்டாயமாயிற்று. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறி சட்டமாயிற்று. இதனால் மனைவிக்கும் மக்களுக்கும் கிடைத்த பாதுகாப்பு பெரிது.

ஆனால், தோட்ட மக்களில் பலர் கோயில் திருமணமே போதும் என்று இருந்துவிட்டனர். பதிவுக்கு நகரம் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். அடையாள அட்டையில் சிக்கல் இருக்கும். படிவத்தை நிரப்ப ஆள் வேண்டும். விளைவைப் பிள்ளைகள் சுமந்தனர். பதிவு பெறாத திருமணத்தில் பிறந்த குழந்தை சட்டத்தின் பார்வையில் முறைப்படிப் பிறந்ததாகாது. தாயின் குடியுரிமையையே பின்பற்றும் நிலைக்கு ஆளாகும். தாய் சிவப்பு அடையாள அட்டை உடையவளாக இருந்தால், தந்தை குடிமகனாக இருந்தும் பிள்ளை குடியுரிமை பெறாமல் நிற்க நேரும். ஊரறிய, உறவறிய, மேளதாளத்தோடு மணந்தவர்களின் பிள்ளைக்கே இக்கதி. முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்கப் பிறப்புப் பத்திரத்தோடு பெற்றோர் வரும்போது, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் காண நேரும் துயரங்களுள் இதுவும் ஒன்று. 2011இல் இந்தியர்களின் ஆவணச் சிக்கல்களைத் தீர்க்க மைடப்தார் என்னும் நாடு தழுவிய பதிவு இயக்கம் நடத்தப்பட்டமையே, சட்டம் வந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் சிக்கல் தீரவில்லை என்பதற்குச் சான்று.

இதற்கிடையே பார்வையாளர் கூட்டமும் கலைந்தது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டங்களை வாங்க வழிசெய்தார். ஆயினும், பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் ஈப்போ போன்ற நகரங்களின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1980களில் ஒளிநாடாக்கள் வந்தன. 1996இல் அஸ்ட்ரோ ஒளிபரப்பும் அதன் வானவில் அலைவரிசையும் வந்தன. திருமணத்தைச் சுற்றிய நகைச்சுவைகள் தொலைக்காட்சிக்கென்றே நாடகங்களாகவும் படங்களாகவும் உள்நாட்டிலும் எடுக்கப்பட்டன. வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. பின்னர் ஆளுக்கு ஒரு கைப்பேசி வந்தது. கதைகள் பெருகின. ஒரே கூடத்தில் மூன்று தலைமுறையும் அமர்ந்து, இது சரியா, அது தவறா என்று வாதிடும் வாய்ப்போ குறைந்துவிட்டது.

இவ்விடத்தில் தமிழாசிரியரின் கடமை தொடங்குகிறது. மாணவர் பார்க்கும் எளிய திருமணக் கதையை இகழாமல், அதனையே வகுப்பறையில் உரையாடற் பொருளாகக் கொள்ளலாம். கதையில் முடிவெடுத்தவர் யார்? பெண்ணின் கருத்துக் கேட்கப்பட்டதா? கதை முடிந்தபின் அத்தம்பதியர் எங்கே சென்று பதிய வேண்டும்? இவ்வினாக்கள் இடைநிலைப்பள்ளி மாணவருக்குக் கடினமானவை அல்ல. மேலும், திடலில் படம் பார்த்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. எப்படம் பார்த்தார்கள், எதற்குச் சிரித்தார்கள், வீடு திரும்பும் வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தம் தாத்தா பாட்டியரைக் கேட்டு மாணவர் எழுதிவருமாறு செய்யலாம். அவ்வேடுகள் பேராக் தோட்டத் தமிழர் வரலாற்றுக்குச் சான்றுகளாகும். அவ்வாறு கேட்கச் சென்ற பிள்ளை, தன் பெற்றோரின் திருமணப் பதிவுச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்றும் கேட்டு வருமாயின், அந்தக் குடும்பத்துக்கும் நன்மை விளையும்.